தேய்ந்த பேரிங் சொல்லும் சாட்சி

சிலம்பையும் குறளையும் ஆராயும் அறிஞர்கள் எழுதும் மலரில் எஞ்சின் பேரிங்கைப் பற்றி ஒரு கடைக்காரன் எழுத வந்திருக்கிறானே என்று வாசகர்கள் எண்ணக்கூடாது. செகந்திராபாத் ராணிகஞ்சில் நாற்பது வருஷமாக மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்கிறேன். ஜெயின் என்று தெரிந்தவுடன் இங்கே எல்லோரும் 'சேட்ஜி' என்பார்கள். நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். உதிரிபாகமும் நம் தமிழுக்குப் புதிதல்ல. உப்பு வணிகர் வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டிக்கடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போன செய்தி புறநானூற்றில் ஔவையார் பாட்டில் இருக்கிறது.

பேரிங் என்றதும் குண்டு உருளும் பேரிங்கை நினைக்க வேண்டாம். எஞ்சினுக்குள் கிராங்க் சுற்றும் இடத்தில் இருப்பது பிறைநிலா போல வளைந்த இரண்டு தகடுகள். முதுகு எஃகு, அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த பூச்சு, அதற்கும் மேலே தலைமயிரைவிட மெல்லிய ஈய-வெள்ளீய மேற்பூச்சு. இப்போது அலுமினியக் கலவையிலும் செய்கிறார்கள். நம் கோயம்புத்தூரிலேயே அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் பைமெட்டல் பேரிங்ஸ் இதைத் தயாரிக்கிறது. 1961-ல் தொடங்கிய கம்பெனி அது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஓடும்போது கிராங்க் இந்தத் தகட்டைத் தொடுவதே இல்லை. நடுவில் எண்ணெய் இருக்கிறது. இதைக் கண்டறிந்த கதை சுவையானது. 1883-ல் இங்கிலாந்தில் பொஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். மேலே எண்ணெய் விடும் துளையிலிருந்து எண்ணெய் பொங்கி வழிந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையை மெல்லத் தள்ளிவிட்டது. அழுத்தமானியை வைத்தார், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டும் முள் அதையும் தாண்டிவிட்டது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இடுக்கில் இழுத்து, அதன்மேல் ஏறி மிதக்கிறது. இதற்கான கணக்கை ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் 1886-ல் எழுதினார். ஆகவே பேரிங் போய்விட்டது என்றால், எண்ணெய்ப் படலம் எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்றுதான் கேட்க வேண்டும். நம்மவர்கள் அதைக் கேட்காமல், 'நல்ல கம்பெனி மாலாக் குடுங்க' என்று கடைக்கு வருவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஜூபிலி ஹில்ஸில் வசிக்கும் ஒரு இளைஞர், தரையை ஒட்டிப் போகும் இரண்டு இருக்கை வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர், ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் கொட்டினார். "அங்கிள், நாலு மாசத்துல ரெண்டாவது தடவை. நீங்க குடுத்தது டூப்ளிகேட்." கூடவே பட்டறைக்காரரும் வந்திருந்தார். ஜெர்மன் எம்-3 காருக்கும் இப்படித்தான் ஆனது, இந்த மாதிரிக் கார்களின் விதியே அது என்பது அவர் கட்சி. பேரிங்கை மாட்டிய ஆம்பூர்ப் பையன் மட்டும் வாசலிலேயே நின்றான். டைட் சரியாக வைக்கவில்லை என்று அவன் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள்.

பட்டறைக்காரர் சொன்னது பொய்யில்லை. 2001 முதல் 2003 வரை வந்த பி.எம்.டபிள்யூ எம்-3 கார்களைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு கனெக்டிங் ராடு பேரிங்கை மாற்றிக் கொடுத்தது. அது நிமிஷத்துக்கு 8000 சுற்று வரை போகும் ஆறு சிலிண்டர் எஞ்சின். 2007-ல் வந்த எட்டு சிலிண்டர் எஞ்சினிலும் அதே பேச்சு எழுந்தது. பொதுவாகத் தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விடுவது வழக்கம். 52 மில்லிமீட்டர் தண்டுக்கு அது 0.05 மில்லிமீட்டர். அதைவிடக் குறைவாக வைத்துவிட்டு 10டபிள்யூ-60 என்ற கெட்டி எண்ணெயை ஊற்றினால் குளிர்ந்த எஞ்சினில் அது எப்படி உள்ளே போகும் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். சூடாகும் முன்பே விரட்டுகிறவர்கள் மேல்தான் தப்பு என்றார்கள் மற்றவர்கள். 8000 சுற்றில் அந்தத் தண்டின் மேற்பரப்பு ஏறக்குறைய 78 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, படலமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனாலும் அடுத்த வீட்டுக்காரன் ஜாதகத்தை வைத்து நம் பிள்ளைக்குப் பலன் சொல்லலாமா?

செய்தித்தாளை விரித்து, சிலிண்டர் வரிசைப்படி தகடுகளை அடுக்கச் சொன்னேன். எது எங்கிருந்தது என்று பையன் முதுகில் எழுதி வைத்திருந்தான், கெட்டிக்காரன். ஒரே ஒரு தகடு போயிருந்தால் அந்த இடத்தில் கோளாறு. எல்லாம் போயிருந்தால் பொதுக் காரணம். அழுக்கு புகுந்திருந்தால் நீளக் கோடுகள் விழும், துகள் பதிந்து நிற்கும். ராடு வளைந்திருந்தால் மேல்தகட்டில் ஒரு ஓரமும் கீழ்த்தகட்டில் எதிர் ஓரமும் தேயும். அதிகச் சுமையால் களைத்த தகடு வெயிலில் காய்ந்த ஏரிக்கரை மாதிரி வெடித்துச் சில்லு சில்லாக உதிரும். பழைய எண்ணெயின் புளிப்பு அரித்தால் கறுத்த குழிகள் தெரியும்.

இங்கே அதெல்லாம் இல்லை. ராடு பேரிங்குகளில் மேற்பூச்சு நெய் தடவினாற்போல் இழுபட்டு, செம்பு பளபளத்தது. இரண்டில் முதுகு நீலம் பாரித்திருந்தது. மெயின் பேரிங்குகளில் சேதம் குறைவு. எண்ணெய் முதலில் மெயினுக்குப் போய், அங்கிருந்து கிராங்கில் உள்ள துளை வழியாகத்தான் ராடுக்கு வருகிறது. ஆக, பட்டினி கிடந்தது கடைசிப் பந்திக்காரன். முதுகெல்லாம் சீராக அழுந்தியிருந்த அடையாளம் பையனுடைய டைட் சரி என்று காட்டியது. என் மாலும் மைக்ரோமீட்டரில் அளவு சரியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது என்பதை மறைப்பானேன்.

"திருப்பத்துல ஆயில் லைட் மினுக்குமா?" என்று கேட்டேன். அவுட்டர் ரிங் ரோட்டில் இறங்கும் வளைவில் மினுக்கும், உடனே அணைந்துவிடும், அதனால் கவலைப்படவில்லை என்றார். அந்த விளக்கு அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போனால்தான் எரியும். இப்படிப்பட்ட கார் முழு வேகத்தில் வளையும்போது புவியீர்ப்புக்குச் சமமான பக்கவிசை வரலாம். அப்போது சேம்பரில் எண்ணெய் 45 பாகை சாய்ந்து ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். பம்ப் காற்றைக் குடிக்கும். இதற்காகவே ரேஸ் கார்களில் எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கிறார்கள்.

ஆனால் நேர் ரோட்டிலும் பட்டினி கிடந்திருக்கிறதே? சேம்பரைக் கொண்டுவரச் சொன்னேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்கள்! முதல் ரிப்பேரிலும் அதைத் துடைத்து அப்படியே மாட்டியிருந்தார்கள். பட்டறையில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னர் வாயில் கொஞ்சம் களிமண் உருட்டி வைத்து, சேம்பரை மாட்டிக் கழற்றினோம். களிமண் அப்பளமாகியிருந்தது. ஒரு ரூபாய்க் காசின் கனம்கூட இல்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் முழு எஞ்சினும் எண்ணெய் குடிக்க வேண்டும். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்தபோது மடிப்பெல்லாம் செம்புத் தூள். பழைய ஆயில் கூலரை மாற்றாமல் விட்டிருந்தால், புது பேரிங்குக்கு அதுவே எமனாகியிருக்கும்.

சேம்பர், ஸ்ட்ரெய்னர், கூலர் எல்லாம் புதிது போட்டு, கிராங்கைக் கடைந்து 0.25 சைஸ் பேரிங் மாட்டினார்கள். பேரிங் என் கடையில்தான் வாங்கினார்கள். இளைஞர் வந்து மன்னிப்புக் கேட்டார், பிடித்த சம்பளத்தையும் கொடுக்க வைத்தார். பையன் அதற்குள் ஆம்பூருக்கே போய்விட்டிருந்தான். பணத்தை அனுப்பிவிட்டு, திரும்பி வரச் சொல்கிறார்கள் தம்பி என்று போனில் சொன்னேன். "வேணாங்க ஐயா, இங்கயே டிராக்டர் வேலை கெடச்சிருக்கு" என்றுவிட்டான்.