ஓய்வுக்காலத்தில் மலை ஏறலாமா?

வாழ்நாளெல்லாம் உழைத்துக் களைத்த மனிதன் இறுதியில் விரும்புவது என்ன? சற்றுக் குளிர்ந்த காற்று, சத்தமில்லாத ஒரு வீடு, மன நிம்மதியுடன் கூடிய தொழுகை. இவ்வளவுதான்.

இருபது, முப்பது ஆண்டுகள் சபரிலே கழித்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்கள் பலரின் உள்ளத்தில் இன்று இந்த ஆசை ஒரு திட்டமாகவே உருவெடுத்திருக்கிறது. பாலைவனத்து வெயிலைத் தாங்கியவர்களுக்கு முதுகுளத்தூர் வெயிலும் ஆறுதல் தருவதில்லை. கோடை வந்தால் கண்மாய்கள் வறண்டு, கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எங்கு நோக்கினும் சீமைக் கருவேலம்! இந்த மண்ணும் வெயிலும் குண்டு மிளகாய்க்கு உகந்தவை. அறுபதைக் கடந்த உடலுக்கு உகந்தவையா? "கொடைக்கானலில் சிறியதாக ஒரு வீடு வாங்கிப் போய்விடலாமே" என்று எண்ணுவோரைக் குறை கூற இயலாது.

மார்க்கமும் இதைத் தடுக்கவில்லை. மக்காவுக்கு அருகிலுள்ள தாயிஃப் ஒரு குளிர்ந்த மலை நகரம் என்பதை சவூதியில் பணியாற்றியவர்கள் நன்கறிவார்கள். குர்ஆன் விரிவுரையில் ஈடு இணையற்ற அறிஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் இறுதிக் காலத்தில் அந்நகரில்தான் வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 68ஆம் ஆண்டு அங்கேயே வஃபாத்தானார்கள். ஆகவே, கூடுமா கூடாதா என்பது கேள்வியன்று. தகுமா தகாதா என்பதே கேள்வி.

மலை தரும் நன்மைகள்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது இயற்கையின் கணக்கு. நம் ஊர் மே மாதத்தில் கொதிக்கும்போது அங்கே பகலில் இருபது டிகிரியை ஒட்டியே வெப்பம் இருக்கும். வியர்வை இல்லை; மின்விசிறி தேவையில்லை; காலை நடை இன்பமாகும். கேரட்டும் உருளைக்கிழங்கும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் விளையும் இடத்திலேயே கிடைக்கும். தனிமையில் ஓதவும் திக்ரு செய்யவும் அமைதியான பொழுதுகள் வாய்க்கும். இவை சிறிய பேறுகளல்ல.

உடல் சொல்லும் கணக்கு

ஆனால், அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவு குறையும். இளைஞருக்கு இது தெரியாது. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவருக்குத் தெரியும். மேடு பள்ளமான தெருக்களில் முழங்கால் வலி இருமடங்காகும். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் ஆட்டிறைச்சி எளிதில் வேகாது என்பதைத் தாய்மார்கள் முதல் நாளே கண்டுகொள்வார்கள்.

நள்ளிரவில் நெஞ்சு வலித்தால்? ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. உயர்சிகிச்சைக்கோ மதுரைக்கோ தேனிக்கோ இறங்கியாக வேண்டும். வத்தலக்குண்டை அடையவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து வரவேண்டும். இவ்வகையில் உதகை மேல். 2025 ஏப்ரலில் அங்கே 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆயினும் மழைக்காலத்து மலையை முழுமையாக நம்புவதற்கில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறத்தலாகாது.

ஜமாஅத்தும் ஜனாஸாவும்

கொடைக்கானலிலும் உதகையிலும் குன்னூரிலும் பள்ளிவாசல்கள் உள்ளன. எனினும் நீங்கள் வாங்கும் வீடு எங்கே உள்ளது? பனியிலும் சாரலிலும் சரிவில் இறங்கி சுபுஹுக்குச் செல்ல முடியுமா? ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னோக்கி வருகிறது. 2030இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் மறுமுறையுமாக இருமுறை வரும். பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும் இரவில் தராவீஹுக்குச் செல்லும் வலிமை வேண்டுமல்லவா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஊரில் ஒரு மவுத்து என்றால் அரை மணி நேரத்தில் குளிப்பாட்ட, கஃபனிட, கபுர் வெட்ட ஆட்கள் வந்து நிற்பார்கள். அது பல தலைமுறையாகச் சேர்த்த செல்வம். புதிய ஊரில் அதை எந்தப் பத்திரத்திலும் எழுதி வாங்க இயலாது.

இல்லத்தரசியைக் கேட்டீர்களா?

இத்திட்டங்களைப் பெரும்பாலும் ஆண்களே போடுகிறார்கள். கணவர் சபரில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளை வளர்த்து, உறவைக் காத்து, ஊரோடு வாழ்ந்தவர் மனைவி. அவருடைய உலகம் அண்டை வீடும் அக்கா தங்கையரும்தான். மலையில் அவர் யாரிடம் பேசுவார்? அல்லாஹ்வின் நாட்டப்படி கணவர் முந்திவிட்டால், நான்கு மாதம் பத்து நாள் இத்தா அந்த வீட்டில்தானே இருக்கவேண்டும்? அக்குளிரில் யார் துணை? இக்கேள்விக்கு விடை இல்லாமல் வீடு வாங்குவது மனைவிக்குச் செய்யும் அநீதியாகும்.

நிலமும் சட்டமும்

மலைப் பகுதியில் கட்டடம் கட்டுவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவின்படி 2019இல் பூட்டி முத்திரையிடப்பட்டன. பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி ஆகிய மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையும் வந்தது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் சாலை நெரிசலும் மிகுதி.

நடுவழி என்ன?

வீட்டை வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த ஓராண்டில் ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் அடங்கட்டும். போகுமுன் இருவரும் மருத்துவரைக் காணுங்கள். கோடையில் மூன்று மாதம் மட்டும் மலையில் தங்குவது பலருக்குப் போதுமானது. நிரந்தரமாகக் குடியேற விரும்புவோர் உத்தமபாளையம், கம்பம், தென்காசி, கடையநல்லூர் போன்ற மலையடிவார ஊர்களையும் எண்ணிப் பார்க்கலாம். குளிர் குறைவுதான், ஆனால் பழமையான ஜமாஅத் உண்டு. எங்கு சென்றாலும் ஊர் வீட்டை விற்றுவிடாதீர்கள். திரும்பும் வாசல் திறந்திருக்கட்டும்.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த பிலால் (ரலி) அவர்கள், புதிய ஊரின் காய்ச்சலில் கிடந்தபோது மக்காவின் பள்ளத்தாக்கையும் அதன் புல்லையும் எண்ணி ஏங்கினார்கள். அதனை அறிந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக்குவாயாக என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். ஊர் மாறினால் உடலோடு உள்ளமும் பழகவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே சகோதரர்களே, மனைவியோடும் மக்களோடும் மஷ்வரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள், பிறகு முடிவெடுங்கள். மலையோ சமவெளியோ, எங்கு வாழ்ந்தாலும் ஈமானோடும் ஆஃபியத்தோடும் வாழ்ந்து, நல்லோர் தோள்கொடுக்க விடைபெறும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.