இலவச ஆலோசனையும் ஊர்ப் பொதுநலச் சங்கங்களும்

நம் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்படுகின்றன. துறை அலுவலர்கள் வந்து பார்வையிடுகின்றனர். கூட்டுறவு ஒன்றியம் அங்கத்தினர்க்கும் ஊழியர்க்கும் பயிற்சி அளிக்கிறது. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஓர் இடமும், தவறு நேர்ந்தால் திருத்துவதற்கு ஓர் ஏற்பாடும் நமக்கு உண்டு.

ஆனால் நம் அங்கத்தினர்களே மாலை வேளைகளில் கூடி நடத்திவரும் வேறு சங்கங்களும் ஊர்தோறும் இருக்கின்றன. படிப்பகம், நெசவாளர் குழந்தைகளுக்கான மாலைப் பள்ளி, ஏரிப் பாதுகாப்புச் சங்கம், ஆதரவற்ற முதியோர்க்கு உணவளிக்கும் சிறு அறநிலையம் ஆகியவை அத்தகையன. இவற்றுக்கு லாப நோக்கம் இல்லை. சம்பளம் பெறும் ஊழியரும் பெரும்பாலும் இல்லை. நல்லெண்ணம் நிறைய உண்டு. வழி சொல்வார்தாம் இல்லை. 1995-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் சர்வதேசக் கூட்டுறவு நேசக்குழு ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளுள் கடைசிக் கொள்கை, ஒரு கூட்டுறவுச் சங்கம் தான் வாழும் சமுதாயத்தின் நலத்திலும் கருத்துடையதாய் இருத்தல் வேண்டும் என்பதாகும். ஆகவே இச்சிறு சங்கங்களின் நலம் நமக்குப் புறம்பான விஷயமன்று.

இவற்றுக்கு உதவும் ஒரு முறையே இலவச ஆலோசனை. கணக்கு, சட்டம், நிர்வாகம், கட்டட வேலை முதலியவற்றில் தேர்ந்த ஒருவர், தம் தொழில் அறிவைக் கட்டணமின்றிப் பொதுநலச் சங்கம் ஒன்றுக்குச் சில காலம் அளிப்பதே அது. நன்கொடையாளர் பணத்தைக் கொடுக்கிறார். இவரோ பணம் கொடுத்து வாங்கவேண்டிய திறமையைக் கொடுக்கிறார்.

இந்த எண்ணம் கூட்டுறவாளர்க்குப் புதியதன்று. ஜெர்மனியில் ரெய்ஃபைசன் அமைத்த கிராமக் கடன் சங்கங்களில் நிர்வாகக் குழுவினர் ஊதியமின்றியே தொண்டு புரிந்தனர். சர் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாண அரசுக்கு 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக அளித்த அறிக்கை, அம்முறையையே நம் நாட்டுக்கு ஏற்றதென எடுத்துக் காட்டிற்று. அந்தக் கௌரவ சேவையே பிற நாடுகளில் பிற்காலத்தில் ஆலோசனைத் துறைக்கும் பரவியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓய்வுபெற்ற நிர்வாகிகளைக் கொண்டு 1964-இல் 'ஸ்கோர்' என்னும் அமைப்பு தோன்றி, சிறு தொழில் நடத்துவோர்க்கு இலவசமாக வழி கூறத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1989-இல் ஏற்பட்ட கிரான்ஃபீல்ட் அறக்கட்டளை, அறநிலையங்களுக்கே நிர்வாக ஆலோசனை வழங்குவதைத் தன் பணியாகக் கொண்டது. 2001-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கிய டாப்ரூட் நிறுவனம், பல தொழில் வல்லுநர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, முன்கூட்டியே எல்லை வகுக்கப்பட்ட ஒரு வேலையைச் சங்கத்திற்கு முடித்துக் கொடுக்கும் முறையைக் கையாண்டது.

இவற்றின் அனுபவத்திலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆலோசனையின் பயன், ஆலோசகரின் திறமையைவிடக் கேட்கும் சங்கத்தின் தெளிவையே பெரிதும் பொறுத்திருக்கிறது. மண் பரிசோதனை செய்வித்த விவசாயி இதை எளிதில் உணர்வார். வரப்போரத்திலும் எருக்குவியலுக்கு அருகிலும் மண் எடுத்து அனுப்பினால், பரிசோதனை நிலையம் எவ்வளவு சிறந்ததாயினும் முடிவு பிழையாகவே வரும். வயலில் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, பகுத்து, அதிலிருந்து அரைக்கிலோ அனுப்பினாலன்றி உண்மை புலப்படாது. சங்கமும் தன் உண்மை நிலையை மறைக்காமல் எடுத்துவைத்தால்தான் ஆலோசகர் வழி காட்ட முடியும்.

நாம் கண்ட ஓர் உதாரணத்தைக் கூறுவோம். நம் சரகத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றபோது, அதே தெருவில் நடந்துவந்த மாலைப் பள்ளியைப் பற்றிய பேச்சு எழுந்தது. அப்பள்ளி நம் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று. ஆயினும் நம் அங்கத்தினர் பலர் அதன் குழுவில் இருந்தனர். காரியதரிசி ஒரு தறி நெசவாளர். பத்து ஆண்டுகளாக வரவு செலவுகளை ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவந்தார். நன்கொடையும், ஆசிரியைக்குக் கொடுக்கும் தொகையும், மின்கட்டணமும், அவர் வீட்டு மளிகைக் கணக்கும் அதில் அடுத்தடுத்து இருந்தன. நன்கொடையாளர் ஒருவர் கணக்குக் கேட்டார். உடனே காட்ட இயலவில்லை. தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. பத்து ஆண்டுத் தொண்டு செய்தவர் கடைத்தெருவுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

அவ்வூருக்கு வந்து குடியிருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் உதவ முன்வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை குழுவினரைக் கூட்டி, "உங்களுக்கு வேண்டியது என்ன?" என்று கேட்டார். ஒருவர் புதுக் கட்டடம் என்றார். மற்றொருவர் கம்ப்யூட்டர் என்றார். வேறொருவர் பெரிய கம்பெனிகளிடம் நிதி பெறும் வழி என்றார். "ஒன்றைச் சொல்லுங்கள்; அதை முடிப்போம்" என்றார் அதிகாரி. அதுவரை பேசாதிருந்த காரியதரிசி, "ஊர்ப் பணம் ஒரு காசும் என் கையில் இல்லை என்பதை நான் ஊருக்குக் காட்டவேண்டும், ஐயா" என்றார். அதுவே வேலையாயிற்று.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்தனர். குறிப்புப் புத்தகத்திலிருந்து வீட்டுக் கணக்கைப் பிரித்தனர்; மீதியை நாள்வழியிலும் பேரேட்டிலும் பதிந்தனர்; கிடைத்த ரசீதுகளுக்கு எண்ணிட்டனர்; ரசீது இல்லாத செலவுகளுக்குத் தனிப் பட்டியல் எழுதிக் குழுவின் முன் வைத்தனர். முடிவில் தெரிந்தது, காரியதரிசி சங்கத்திற்குத் தரவேண்டியது எதுவுமில்லை என்பது. சங்கமே அவருக்கு 6,480 ரூபாய் தரவேண்டியிருந்தது! பணம் குறைந்தபோதெல்லாம் தம் கூலியிலிருந்து போட்டு வந்திருக்கிறார்.

குழுவினர் அவரைப் புகழத் தொடங்கினர். ஆலோசகர் தடுத்தார். "சொந்தப் பணத்தைச் சங்கப் பணத்தோடு கலப்பது தவறு. எடுத்தாலும் தவறு, கொடுத்தாலும் தவறு. இத்தனை நாள் பழி வந்தது அதனால்தான்" என்றார். பொதுக்குழு கூடியது. கணக்கு உரக்கப் படிக்கப்பட்டது. காரியதரிசி பாதித் தொகையைப் பெற்றுக்கொண்டு, மறுபாதியை நன்கொடையாக வைத்து, அதற்கும் ரசீது வாங்கிக்கொண்டார். வங்கிக் கணக்கு இருவர் கையொப்பத்தில் நடத்தப்படுமென்று தீர்மானமாயிற்று. நாள்வழி எழுதும் பொறுப்பை, அப்பள்ளியிலேயே படித்து வளர்ந்த ஒரு பெண் ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு நாம் சென்றபோது ஆலோசகர் தம் மகனுடன் வேறூர் போய்விட்டிருந்தார். ஆயினும் நாள்வழி முந்திய நாள் வரையில் எழுதப்பட்டிருந்தது. நல்ல ஆலோசனைக்கு அதுவே உரைகல். ஆலோசகர் போன பிறகும் வேலை நடக்கவேண்டும்.

இத்தகைய உதவியை நாட விரும்பும் சங்கங்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவதாக, கேள்வி ஒன்றாக இருக்கட்டும். "சங்கத்தை அபிவிருத்தி செய்யவேண்டும்" என்பது கேள்வியாகாது. "மூன்று ஆண்டுக் கணக்கை ஒழுங்குசெய்ய வேண்டும்" என்பது கேள்வி.

இரண்டாவதாக, வேலையின் எல்லை, முடியவேண்டிய நாள், இரு தரப்பாரின் பொறுப்பு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கட்டணம் இல்லை என்பதற்காக ஒப்பந்தமும் வேண்டாம் என்று எண்ணுவது பிழை. பயணச் செலவை யார் ஏற்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுவது நன்று.

மூன்றாவதாக, ஆலோசகரோடு உடனிருந்து வேலையைக் கற்றுக்கொள்ளச் சங்கத்தார் ஒருவரை நியமிக்க வேண்டும். இது செய்யாத இடங்களில், ஆலோசகர் எழுதிக் கொடுத்த அறிக்கை அலமாரியில் தூங்குவதைக் கண்டிருக்கிறோம்.

நான்காவதாக, ஆலோசனை கூறுவது அவர் உரிமை. முடிவு செய்வது குழுவின் உரிமை. முத்திரை, காசோலைப் புத்தகம், மூலப் பத்திரங்கள் ஆகியவற்றை எவரிடமும் ஒப்படைத்தல் கூடாது. ஆலோசனையோடு தம் சரக்கையும் விற்க வருவோரிடம் எச்சரிக்கை வேண்டும்.

ஐந்தாவதாக, இலவச ஆலோசனை சட்டக் கடமைகளுக்கு மாற்றாகாது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கம், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தல் வேண்டும். வருமான வரி விலக்குக்கான பதிவும் 2021-ஆம் ஆண்டுமுதல் காலவரம்பு உடையதாயிற்று. ஒருமுறை பெற்றுவிட்டோம் என்று வாளாவிருத்தல் இயலாது. எந்த நாளுக்குள் எதைச் செய்யவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி ஆலோசகரைக் கேட்பதே ஒரு நல்ல தொடக்கமாகும்.

ஆலோசகரை எங்கே தேடுவது என்று சிலர் கேட்கலாம். தொலைவில் தேட வேண்டுவதில்லை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கருவூல அலுவலர், தலைமையாசிரியர், பொறியாளர், நம் துறையிலேயே பணியாற்றி ஓய்ந்தவர் முதலியோர் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கின்றனர். கணக்குப் படிவங்களை எழுதவும் கணிப்பொறியில் ஏற்றவும், 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர்களைக் கல்லூரி வழியே கேட்டுப் பெறலாம். அழைப்பார் இல்லாமையால் வீட்டில் இருக்கும் திறமை நம் ஊர்களில் மிகுதி.

ஒரு பாவு ஓடுவதற்கு முன் அறுந்த இழைகளைக் கண்டு முடிச்சிடுகிறோம். அதைப் பார்த்துச் சொல்ல இன்னொரு கண் இருப்பின் வேலை எளிதாகிறது. நம் ஊர்ப் பொதுநலச் சங்கங்களுக்கும் அத்தகைய கண் ஒன்று வேண்டும். அங்கத்தினர்கள் அடுத்த மகாசபையின் பின்னர்ச் சிறிது நேரம் தங்கி, தத்தம் ஊரில் எந்தச் சங்கத்திற்கு என்ன கேள்வி இருக்கிறது, அதற்கு விடை கூறத் தக்கார் யார் என்று கலந்து பேசுவார்களாயின், நேர்மையாய்த் தொண்டு செய்யும் எந்தக் காரியதரிசியும் கடைத்தெருவுக்குப் போகக் கூசவேண்டிய நிலை வாராது.