சின்ன மாமியும் யங் வீதியும்

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் உள்ள 19 மாடிக்கட்டடங்களில் குடியேறிய ஈழத்தவர்களுக்கு 'சின்ன மாமியே' என்றால் கொண்டாட்டத்தின் கடைசியில் எல்லாரும் எழும்பி ஆடுகிற பாட்டு. 'பொப்' என்று சொல்லியே பழகிவிட்டோம். என்னைக் கேட்டால், தமிழின் முதல் நாட்டார் றொக் (folk rock) பாட்டுகளில் அதுவும் ஒன்று.

நாட்டார் றொக்கின் ஊருக்குள்தான் நாங்கள் வந்து இறங்கியிருக்கிறோம். 1965 ஏப்ரலில் 'த பேர்ட்ஸ்' குழு, பொப் டிலானின் பாட்டொன்றைப் 12 கம்பி மின்கிற்றாரோடு இசைத்தட்டாக்கியது. செப்ரெம்பரில் டிலானே ரொறன்ரோ வந்து, யங் வீதி மதுச்சாலையொன்றில் வாசித்துக்கொண்டிருந்த 'த ஹோக்ஸ்' குழுவோடு ஒத்திகை பார்த்தார். அதன் கிற்றார்காரர் றொபி றொபேட்சன் ரொறன்ரோப் பிள்ளை. நவம்பரில் நகரின் மசி ஹோல் மேடையில் டிலானின் மின்கிற்றார் ஒலித்ததும் சபையில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. நாட்டுப்பாட்டைக் கெடுத்துவிட்டாராம்!

ஏறக்குறைய அதே காலம். 'சின்ன மாமியே'யைப் பாடிய உரும்பிராய்க்காரரான நித்தி கனகரத்தினம் அம்பாறையில் விவசாயம் படித்துக்கொண்டே கிற்றாரும் கையுமாகப் பாடத் தொடங்குகிறார். அங்கே சிக்கல் மின்சாரமல்ல, மொழி. மேடைத் தமிழ் செந்தமிழாகவும் மெல்லிசை சினிமா மெட்டாகவும் இருந்தபோது, அவர் யாழ்ப்பாணத்து முற்றத்துப் பேச்சை அப்படியே பாட்டாக்கினார். இந்த வகைப் பாட்டுகளுக்குத் துள்ளலைக் கொடுத்தது பைலா. போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்கக் காப்பிரிகளோடு வந்து, பாடகர் வொலி பஸ்தியன் கைபட்டுச் சிங்கள மேடையேறிய இசை அது. அதன் ஆறுக்கு எட்டுத் தாளம் நம் திஸ்ர நடைக்குப் பக்கத்து வீடு. கைதட்டத் தெரிந்தால் போதும், பயிற்சி வேண்டாம். இரண்டு மூன்று கோர்ட் தெரிந்த பொடியன் எவனும் வாசிக்கலாம். பேர்ட்ஸ் நாட்டுப்பாட்டுக்கு ஓசை கூட்டினார்கள். நித்தி கிற்றாருக்கு ஊர்வாய் கொடுத்தார். இரண்டாவதுதான் கடினம் என்பது என் கட்சி.

'சின்ன மாமியே' பாட்டின் கதை சின்னது. மகள் எங்கே என்று மருமகன் கேட்கிறான். பள்ளிக்குப் போய்விட்டாள் என்கிறாள் மாமி. அங்கே விடாதே, கெட்டுப்போவாள் என்று அவன் புலம்புகிறான். நல்லவேளை, ரொறன்ரோவில் எந்த மாமியும் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

பாடகர் ஏ.ஈ. மனோகரன் இந்தப் பொப் அலையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனார். அவர் பாடிப் பரப்பிய 'சுராங்கனி'யை 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா எடுத்தாண்டார். அங்கே பலருக்கு அது இன்றைக்கும் சினிமாப் பாட்டுத்தான்.