பசியாறவும் பயணத்துக்கும்: கறி, முட்டை, பால் இல்லாத எளிய உணவுகள்



சென்ற கோடையில் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக நமதூர் முதியவர்கள் சிலரை அறக்கட்டளை சார்பில் வேனில் வெளியூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வயதானவர்கள் வழியில் கடை தேடி அலையக் கூடாது என்று எண்ணி, தஹஜ்ஜுத் நேரத்திலேயே கோழி பிரியாணி ஆக்கி, சூடு ஆறுமுன் பொட்டலம் கட்டி, வேனின் பின்பக்கம் அடுக்கிவிட்டோம். வழியில் டயர் பஞ்சராகித் தாமதமானது. பொட்டலங்களைப் பிரித்தபோது லுஹர் நேரம் தாண்டிவிட்டது. அன்றிரவு நான்கு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. அவர்களில் ஒரு மூதாட்டிக்கு மறுநாள் நடக்கவிருந்த அறுவையை மருத்துவர் தள்ளிவைத்தார். மங்கிய பார்வையோடு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் அந்த உம்மா காத்திருக்க நேர்ந்தது. "நீங்க வேணும்னா செஞ்சீங்க, விடுங்க வாப்பா" என்று அவர்கள் சொன்னார்கள். ஆனாலும் பிழை எங்களுடையதுதான்.

அதன்பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அறக்கட்டளை ஏற்பாடு செய்யும் பயணங்களில் இனி கறி, முட்டை, பால் சேராத உணவுகளையே கொடுத்தனுப்புவது. அதிலும் ஈரமில்லாத பண்டங்களுக்கே முதலிடம். இன்று கல்லூரிப் பிள்ளைகள் 'வீகன்' என்று சொல்வது இந்த வகை உணவைத்தான். பெயர் புதிதாக இருந்தாலும் பண்டங்கள் நம் அடுப்படிக்குப் புதியவை அல்ல. டயாலிசிஸுக்கும் ஸ்கேனுக்கும் வெளியூர் போகும் குடும்பங்கள், விடியற்காலை மக்தபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் ஆகியோருக்குப் பயன்படட்டும் என்று, நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

உணவு ஏன் கெடுகிறது?

சமைத்த உணவில் கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற வெப்பநிலை 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. ஆறிய சோறு, ஆணம் எல்லாம் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. சமைத்த பண்டத்தை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது பொதுவான விதி. நம் சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய வேன் எப்படிக் கொதிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கறி சேராவிட்டால் கெடாது என்றும் எண்ணிவிட வேண்டாம். வெறும் சோற்றிலும் ஒரு வகைக் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். பிறகு சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ப்பாலும் இன்னும் விரைவில் கெடும். ஈரம் இல்லாத பண்டத்தில் கிருமி வளராது. புளிப்பு மிகுந்ததில் மெதுவாகவே வளரும். அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, எள், பேரீச்சை ஆகியவை நெடுநேரம் தாங்குவதற்கு இதுவே காரணம்.

நம் மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?

சிலர் எங்களிடம், "கறி சாப்பிட வேண்டாம் என்று சொல்ல வருகிறீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை. அல்லாஹ் ஹலாலாக்கியதைத் தன் மீது ஹராமாக்கிக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை என்பது குர்ஆன் காட்டும் தெளிவான வழி. குர்பானியும் வலீமாவும் நம்மோடு இருப்பவை. எந்த வேளைக்கு எது ஏற்றது என்பதே இங்கே பேச்சு.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபர் பயணத்தின்போது ஸஹ்பா என்ற இடத்தில் அஸர் தொழுத பின் நபி (ஸல்) அவர்கள் உணவைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஸவீக் எனப்படும் வறுத்த தானிய மாவைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அதைத் தண்ணீரில் நனைக்கச் சொல்லி அவர்களும் சாப்பிட்டார்கள், தோழர்களும் சாப்பிட்டார்கள். பின்னர் வாய் கொப்பளித்துவிட்டு மஃரிபுக்கு எழுந்தார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாம் சத்துமாவு என்று சொல்வதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இன்னொரு செய்தியும் புகாரியில் உண்டு. யமன் நாட்டவர் சிலர் கட்டுச்சோறு எடுக்காமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, 'நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்' என்று சொல்லிவிட்டு, மக்காவுக்கு வந்ததும் பிறரிடம் கையேந்தினார்கள். பயணத்துக்கான உணவைக் கொண்டு செல்லுங்கள் என்ற கட்டளை அப்போதுதான் இறங்கியது. கையில் பொட்டலம் கட்டிக்கொண்டு போவது தவக்குலுக்கு மாறானதல்ல.

இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. வெளியூரில் கடை தெரியாமல், கறி ஹலாலா என்ற ஐயத்தோடு சாப்பிட வேண்டிய தேவை வராது.

காலைப் பசியாற

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பசியாறக் கிடைக்கிறது. ஆனால் மக்தப் அதற்கும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்தச் சாப்பாடும் இல்லை. ஒரு டம்ளர் தேநீரும் இரண்டு வர்க்கியும் தின்றுவிட்டு ஓத வரும் பிள்ளைகள் ஒன்பது மணிக்குள் சோர்ந்துவிடுவதை உஸ்தாதுமார்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் ஆகக்கூடியவை இவை:

அவல்: ஒரு பிள்ளைக்கு ஒரு கைப்பிடி கெட்டி அவலைக் கழுவி, அது முழுகும் அளவு தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்துப் பிழிந்தெடுங்கள். இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல், கொஞ்சம் வெல்லம், பொடித்த வேர்க்கடலை சேர்த்துப் பிசைந்தால் போதும். இனிப்பு வேண்டாதவர்கள் வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

கேழ்வரகுப் புட்டு: மாவை வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, தேங்காய் சேர்த்து அவித்தால் ஆயிற்று. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும், பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் இது பெரும் துணை.

கறியில்லாத நோன்புக் கஞ்சி: ரமலானில் மட்டும் நாம் நினைக்கும் இந்தக் கஞ்சி மற்ற மாதங்களிலும் நல்ல பசியாறல்தான். பச்சரிசிக் குருணை ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பூண்டு எட்டுப் பல், இஞ்சி, வெங்காயம், தக்காளி, எட்டு கப் தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் குக்கரில் வேக வையுங்கள். கொத்துக்கறிக்குப் பதில் கேரட்டும் பீன்ஸும் நறுக்கிப் போடலாம். இறக்கும்போது ஒரு கப் தேங்காய்ப்பால், புதினா, மல்லித்தழை சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பசியாறலாம்.

இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மட்டும் போதும் என்று விடாமல், பக்கத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் வையுங்கள். பருப்பும் கடலையும் சேரும்போதுதான் அது முழு உணவாகிறது.

பதினோரு மணிக்குக் குடிக்க

பசியாறலுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் நடுவில் இன்னொரு தேநீர் என்பது நம் வழக்கமாகிவிட்டது. தேநீர் உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு தேநீர் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. தேநீருக்குப் பதிலாக இவற்றைப் பாருங்கள்.

பேரீச்சை ஊறல்: விதை நீக்கிய ஐந்தாறு பேரீச்சையை இரண்டு டம்ளர் கொதித்து ஆறிய தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கரைத்துக் குடிப்பது. இதுவே நபீத். இரவில் ஊறவைத்ததைக் காலையிலும், காலையில் ஊறவைத்ததை மாலையிலும் நபி (ஸல்) அவர்கள் அருந்துவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் ஊர் வெப்பத்தில் அதற்கு மேல் வைக்கவே வேண்டாம். நுரைத்துப் புளித்துவிட்டால் அது போதைப் பொருளாகிவிடும், கொட்டிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதில் ஊறவைப்பது பாதுகாப்பு.

சுக்கு மல்லிக் காபி: சுக்கு ஒரு பங்கு, மல்லி விதை இரண்டு பங்கு, கொஞ்சம் மிளகு, ஏலம் பொடித்து வைத்துக்கொண்டு, ஒரு தேக்கரண்டி பொடியைக் கருப்பட்டியோடு கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பால் தேவையே இல்லை.

கேழ்வரகுக் கூழ்: வழக்கமாக மோர் ஊற்றிக் கரைப்போம். மோருக்குப் பதில் உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் அதுவும் சுவைதான். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வயிறும் நிறையும், தாகமும் தணியும்.

பயணப் பொட்டலம்

முதலில் சத்துமாவு. பொட்டுக்கடலை 200 கிராம், நிறம் மாறாமல் வறுத்த அவல் 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், ஏலக்காய் மூன்று ஆகியவற்றை ஆறவைத்துப் பொடித்து, 100 கிராம் நாட்டுச் சர்க்கரை கலந்தால் 600 கிராம் மாவு கிடைக்கும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் என்றால் பன்னிரண்டு வேளைக்கு வரும். ஈரமில்லாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். ரயிலில் ஒரு டம்ளரில் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுப் பிசைந்தோ கரைத்தோ சாப்பிடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை சேர்க்காமல், உப்பும் வறுத்த சீரகப் பொடியும் கலந்து தனியாக வையுங்கள்.

அடுத்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. நன்றாக ஆறிய பின்னரே கட்டுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நசநசத்துவிடும். சட்னி வேண்டாம். காலையில் கட்டியதைப் பகலுக்குள் முடித்துவிடுங்கள். எண்ணெயில் சுட்ட சப்பாத்தியும் எலுமிச்சை ஊறுகாயும் அப்படியே. புளிச்சோறு மற்ற சோறுகளைவிடத் தாங்கும் என்றாலும் அதையும் இரவுக்கு வைக்க வேண்டாம்.

கொறிக்கப் பொரியும் பொட்டுக்கடலையும், எள்ளுருண்டை, கடலைமிட்டாய் போதும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் கடலையும் வெல்லப்பாகும்தான் முக்கியம். பேரீச்சையோடு வெள்ளரிக்காய் எடுத்துச் செல்லுங்கள். நபி (ஸல்) அவர்கள் இவ்விரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டதை ஹதீஸில் காண்கிறோம். வெள்ளரியை வீட்டில் கழுவி முழுதாக எடுத்துப்போய், சாப்பிடும்போது நறுக்குங்கள்.

கடையில் வாங்கும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம் என்று மட்டுமே பொருள். பால் சேர்ந்த பொருளுக்கும் அதே புள்ளிதான். பால் ஒவ்வாதவர்கள் பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சிறுநீரக நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் பேரீச்சை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். கடலை வகைகளும் அளவோடுதான். அவர்களுக்கு மேலே சொன்ன பொட்டலத்தை அப்படியே கொடுக்காதீர்கள். மருத்துவர் தந்த பட்டியல்தான் அவர்களுக்குரியது.

சர்க்கரை நோயாளிகள் வெல்லம், கருப்பட்டி, பேரீச்சை 'இயற்கையானவை' என்று ஏமாந்துவிட வேண்டாம். அவையும் சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் போடுபவர்கள் பயணத்தில் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். அறுவைக்கு முன் வெறும் வயிறாக இருக்கச் சொல்லியிருந்தால் மருந்தை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள்; புரையேறும். பொடித்தே கொடுங்கள்.

எந்நேரமும் இந்த உணவை மட்டும் சாப்பிடுவது என்று முடிவெடுப்பவர்களுக்கு ஒரு சொல்: வைட்டமின் பி12 தாவர உணவிலிருந்து கிடைப்பதில்லை. மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாங்கள் சொல்வது பசியாறலுக்கும் பயணத்துக்கும் மட்டுமே.

அறக்கட்டளையிலிருந்து

வெளியூர் மருத்துவமனைக்குப் போகும் குடும்பம் எதுவாயினும், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். சத்துமாவும் பேரீச்சையும் கட்டித் தருகிறோம். யார், எந்த வீடு என்று வெளியில் பேச மாட்டோம். நோயாளிக்குச் சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கேற்ப மாற்றித் தருவோம். மாவு வறுத்துப் பொடிக்கக் கைகொடுக்க விரும்பும் சகோதரிகளும் தெரிவிக்கலாம். ஒரு கிலோ பொட்டுக்கடலை கொடுப்பதும் ஸதகாதான்.

அந்த உம்மாவுக்குப் பின்னர் அறுவை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். இரண்டாம் முறை போனபோது எங்கள் பொட்டலத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. தன் பையிலேயே சத்துமாவு டப்பாவும் ஒரு டம்ளரும் எடுத்து வந்திருந்தார்கள். வேனில் இருந்தவர்களுக்கும் கரைத்துக் கொடுத்தார்கள். இப்போது ஃபஜ்ருக்குப் பின் முஸ்ஹஃபை மடியில் வைத்துத் தாமே ஓதுகிறார்கள்.

நம் வீட்டு உணவில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.