திரையில் எழுத்து வராதபோது

கும்மிடிப்பூண்டியை அடுத்த எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அந்த நீர்ப்பரப்புக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12 ஏற்றிச் சென்ற அனுசாட், அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய சுமார் 40 கிலோ செயற்கைக்கோள். ஓரிடத்தில் வாங்கிய செய்தியைச் சேமித்து வைத்து, வேறோரிடத்தில் இறக்கித் தரும் அஞ்சல் வேலையை விண்ணில் செய்து பார்க்கவே அது போனது.

தரையில் அந்த அஞ்சல் வேலையை ஹாம் வானொலிக்காரர்கள் 1970களின் கடைசியிலிருந்தே செய்துவருகிறார்கள். பெயர் பேக்கெட் ரேடியோ. எழுத்துகளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றி அனுப்புவார்கள். பிரித்துப் படிக்க முன்பு தனிப்பெட்டி வேண்டும். இன்று லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, ஒரு சவுண்டு கார்டு, 'டயர்வுல்ஃப்' என்ற இலவச மென்பொருள், இவ்வளவே போதும்.

ஆனால் கோளாறு வந்தால் இந்தக் கணினி வாய் திறக்காது. ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் உண்டு. கணக்கு ஒத்துவராவிட்டால் பொட்டலம் முழுவதும் தள்ளுபடி. அரைகுறையாகக்கூட எதுவும் திரைக்கு வராது. உலோக ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டி போன்ற பகுதியில் ஒரு மின்பொறியின் 'சடக்' இரைச்சலே பொட்டலத்தைக் கெடுக்கப் போதும்.

ஆகவே, விசைப்பலகையைத் தொடுமுன் காதைத் தீட்ட வேண்டும். பொட்டலம் வருவது 'கர்ர்' என்று நன்றாகக் கேட்கும். கேட்டும் திரை வெறுமையாக இருந்தால், முதலில் வானொலியில் வெற்று இரைச்சலை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிடலாம். அது மூடியிருந்தால் பொட்டலத்தின் தலைப்பகுதியை விழுங்கிவிடும். அடுத்தது ஒலியளவு. டயர்வுல்ஃப் காட்டும் எண் 50ஐ ஒட்டி இருப்பது நல்லது. சத்தம் கூடினால் தெளிவும் கூடும் என்று நினைத்து ஏற்றிவைப்பவர்களே அதிகம். அலை நசுங்கி, உள்ளதும் கெடும்.

நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லையா? மறுதொடக்கத்தில் சவுண்டு கார்டின் எண் மாறியிருக்கலாம். 'ஏரெக்கார்டு -எல்' கட்டளை புது எண்ணைக் காட்டிவிடும்.

எல்லாவற்றையும்விடக் குழப்புவது, கேட்கும்போது ஒழுங்காக இருந்து, அனுப்பும்போது மட்டும் உறையும் கணினி. அனுப்பிய அலையே யுஎஸ்பி கம்பி வழியாக உள்ளே திரும்பி வரலாம். கெர்னல் பதிவில் அதே நொடியில் 'யுஎஸ்பி துண்டிப்பு' என்ற வரி இருந்தால் சந்தேகம் உறுதி. கம்பியை ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்றி, ஆன்டெனாவைக் கணினியிலிருந்து தள்ளி வைத்து, மறுபடி அனுப்பிப் பார்க்க வேண்டும்.