தாடை உடைஞ்சா பிரியாணி எப்போ?

திண்டுக்கல் பைபாஸ்ல பைக் ஓட்டுறவங்க பல பேர் போடுறது பாதி ஹெல்மெட். மண்டைக்கு ஓரளவு பாதுகாப்பு, தாடைக்கு ஒண்ணுமே இல்லை.

யாராவது முகம் அடிபட விழுந்தா முதல் கவலை மூச்சு. ரத்தம் தொண்டையில இறங்கி அடைக்கலாம், கழுத்துலயும் அடி இருக்கலாம். இஷ்டத்துக்குத் தூக்காம 108-ஐக் கூப்பிடுங்க. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி பொருந்தலையா? தாடையைச் சந்தேகப்படணும். எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதா? கண்குழி எலும்பு. வீக்கம் நிறைய மறைச்சிடும், அதனாலதான் சிடி ஸ்கேன்.

செலவு? 2021 டிசம்பர்ல தமிழக அரசு தொடங்கின ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்துல, முதல் 48 மணி நேர விபத்து சிகிச்சை இலவசம். பட்டியல்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலயும்தான். காப்பீட்டு அட்டை இல்லாட்டியும் பரவாயில்லை.

முன்னெல்லாம் பல்லோட பல்லைக் கம்பியால கட்டி, 4-6 வாரம் வாயைப் பூட்டிடுவாங்க. இப்போ பெரும்பாலும் குட்டி டைட்டானியம் ப்ளேட், ஸ்க்ரூ. பல சமயம் வாய்க்குள்ளயே வெட்டுறதால வெளியே தழும்பு தெரியாது. தொந்தரவு இல்லைன்னா ப்ளேட்டை எடுக்கவும் வேண்டாம். சின்ன விரிசலுக்கு ஆபரேஷனே தேவைப்படாம போகலாம்.

ஆனா ப்ளேட் போட்டாச்சுன்னு மெல்ல ஆரம்பிச்சிடாதீங்க. எலும்பு சேர சுமார் 6 வாரம். அதுவரை கூழ், கஞ்சி, குழைஞ்ச ரசம் சாதம். சிகரெட் அடிச்சா இன்னும் இழுக்கும். கண்குழி உடைஞ்சவங்க மூக்கு சிந்தக் கூடாது, காத்து ஏறி கண்ணைச் சுத்தி உப்பிடும். உதட்டு மரமரப்பு போக மாசக்கணக்காகலாம், சிலருக்கு முழுசா போறதில்லை.

பிரியாணியா? டாக்டர் சரின்னதும் முதல்ல குழைஞ்ச சீரகச் சம்பா சோறு மட்டும். நல்லி எலும்பு அதுக்கப்புறம்.