ஓவனில் வைத்த மீன் ஏன் சக்கையாகிறது?

வீட்டில் ஒருவருக்குக் கொழுப்புச் சத்து கூடிவிட்டது, பொரித்ததைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், நம் சமையலறைகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். அப்பாவுக்கு மட்டும் ஒரு துண்டு மீன் ஓவனுக்குள் போகும். மற்றவர்களுக்கு வழக்கம்போல் எண்ணெய்ச் சட்டி. ஓவனிலிருந்து வந்த துண்டோ காய்ந்துபோய், சப்பென்று இருக்கும். இரண்டே வாரத்தில் அப்பாவும் பொரித்த மீனுக்குத் திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

குறை ஓவனிலும் இல்லை, நேரக் கணக்கில் இருக்கிறது. ஆட்டிறைச்சி வேக வேக மிருதுவாகும். தசைகளைப் பிணைத்திருக்கும் அதன் கெட்டியான இழைகள் கரைவதற்கு நேரம் வேண்டும். மீனில் அந்த இழைகள் குறைவு, மெல்லியவையும்கூட. கொஞ்சம் சூட்டிலேயே இளகிவிடும். அதற்குப் பிறகு ஓவனில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சதை சுருங்கி, உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளுகிறது. கறிக்குழம்புக்குப் பழகிய கை, "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்று அரை மணி நேரம் விட்டுவிடுகிறது. மீன் சக்கையாவது இப்படித்தான்.

சியாக்காப் எனப்படும் கொடுவா மீன் இதற்கு மிகவும் ஏற்றது. சந்தையில் மீன்காரரிடம் சொன்னால் முள் நீக்கித் துண்டு போட்டுத் தருவார். (பேரங்காடிகளில் "டோரி" என்ற பெயரில் உறைய வைத்து விற்பது பெரும்பாலும் வியட்நாமில் வளர்க்கப்படும் கெளுத்தி இன மீன். அதையும் சுடலாம், ஆனால் நீர் அதிகம் விடும்.) துண்டுகளை நன்றாகத் துடைத்து ஈரத்தைப் போக்கி, உப்பும் மிளகுத் தூளும் தூவி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவினால் போதும். ஓவனை முன்கூட்டியே 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஓர் அங்குலக் கனமுள்ள துண்டுக்கு ஏறக்குறைய 12 நிமிடம். கனமான இடத்தில் முள்கரண்டியால் மெல்லத் திருப்பினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். நடுவில் இன்னும் கண்ணாடிபோல் தெரிந்தால் மேலும் 2 நிமிடம் வைக்கலாம்.

இனி, பச்சிலைச் சாறு. மேல்நாட்டார் பார்ஸ்லி, டில் போன்ற இலைகளைப் போடுவார்கள். நமக்குக் கொத்தமல்லியும் புதினாவும் இருக்கும்போது வேறு எதற்கு? ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அதில் பாதி புதினா, இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய், உப்பு. எல்லாவற்றையும் கொரகொரப்பாக அரைத்தால் நான்கு பேருக்குக் காணும். சட்னிக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்!

இதை மீன்மேல் பூசி ஓவனில் வைக்கத்தான் பலருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் பச்சை நிறம் மங்கிவிடும், இலைகளின் மணமும் ஆவியோடு போய்விடும். மீன் வெந்து வெளியே வந்த பிறகே ஊற்ற வேண்டும். எலுமிச்சையும் அப்படித்தான். அதன் புளிப்பில் மீனை நெடுநேரம் ஊற வைத்தால், அடுப்புக்குப் போகும் முன்பே சதை வெளுத்து இறுகிவிடும். பரிமாறும்போது பிழிந்துகொள்ளலாம்.

அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிரிக்காமல், ஒரே தட்டில் எல்லாருக்குமாகச் சுடுவது நல்லது. தட்டில் தேங்கும் மீன் சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். சூடான சோற்றில் இரண்டு கரண்டி ஊற்றிப் பிசைந்தால் பிள்ளைகளே மறுசோறு கேட்பார்கள்.